கல்லறைத் தோட்டத்தில் ஆறுமணிக் குருவி: சருகைக் கொளுத்தாமல் இருக்க ஊரில் எப்படிப் பேசுவது?

கண்மாய்க்கரை · அக்டோபர் 14, இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். தேவகோட்டை வட்டாரத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. பெயரை எழுதாமல் விடுகிறேன். கூகையும் காடையும் பிடித்து விற்கிறவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான்.

ஊரின் மேல்கோடியில் வேதக்கோயில் (கத்தோலிக்க தேவாலயம்). அதன் பின்னால் கல்லறைத் தோட்டம். தோட்டத்தைத் தாண்டினால் கண்மாய்க்கரை, கரைக்குக் கீழே சம்பா வயல். கோயிலின் குகை வடிவக் கெபியிலிருந்து நடுமடை வரை மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம்தான். புரட்டாசிக் கடைசியிலிருந்து பங்குனி வரை இந்தத் தூரத்தைக் காலையும் மாலையும் நடந்து, பார்த்ததையும் கேட்டதையும் நோட்டில் எழுதி வருகிறேன். இது நான்காவது பருவம்.

இன்று மாலை மூவேளைச் செபத்துக்கு மணி அடித்து ஓய்ந்ததும், தோட்டத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் புளியமரத்தடியிலிருந்து இரட்டை விசில் ஒன்று கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. ஆறுமணிக் குருவி வந்துவிட்டது! சென்ற ஆண்டு அக்டோபர் 16. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் 11. அதே வாரம், அதே மரத்தடி.

மகிழ்ச்சியோடு சேர்ந்து கவலையும் வந்துவிட்டது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய வாரம் ஊர் இளைஞர்கள் தோட்டத்தைச் சுத்தம் செய்வார்கள். முள்வேலியை அடியோடு வெட்டி, சருகையெல்லாம் கூட்டிப் புளியமரத்தடியில் குவித்துத் தீ வைப்பார்கள். சென்ற ஆண்டு அக்டோபர் 28 வரை அந்தக் குருவி கூப்பிட்டது. 29 அன்று தீ வைத்தார்கள். அதன் பிறகு பங்குனி வரை அதன் குரலை நான் கேட்கவில்லை. அதற்கு முந்தைய இரண்டு பருவங்களிலும் இதேதான் நடந்தது.

முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்யாதீர்கள் என்று யாரிடம் சொல்ல முடியும்? என் தாத்தாவும் அங்கேதான் இருக்கிறார். இதற்கு வழி கண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

இலைச்சருகு · அக்டோபர் 14, இரவு 10.15

கண்மாய்க்கரை அண்ணன், நான் புதுக்கோட்டைப் பக்கம். எங்கள் பள்ளித் தோட்டத்தில் நேற்று முன்தினம் முதல் குரல் கேட்டது.

ஊரில் பேசுவதற்கு உதவும் என்று சில விவரங்களை எழுதுகிறேன். ஆறுமணிக் குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் தெற்கே வருகிறது. இரவில்தான் பறக்கும். மைனாவை விடச் சிறியது, வால் மிகக் குட்டை. பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை, மஞ்சள் கலந்த பழுப்பு, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு. வடக்கே இதை ‘நவரங்’ என்பார்கள். இத்தனை நிறம் இருந்தும் சருகு மேல் நின்றால் கண்ணுக்கே படாது.

இதற்கு இரை முழுவதும் தரையில்தான். சருகை அலகால் புரட்டிப் புரட்டி, அடியில் இருக்கும் பூச்சியையும் மண்புழுவையும் எடுக்கும். சருகை எரித்த மண்ணில் அதற்கு ஒன்றுமே கிடையாது. உங்கள் நோட்டில் இருக்கும் அக்டோபர் 28, 29 இரண்டு தேதிகளையும் அப்படியே பங்குச் சாமியாரிடம் காட்டுங்கள். வேறு எந்த வாதமும் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

வடக்குத்தெரு · அக்டோபர் 15, காலை 6.50

இருவரும் சொல்வது புரிகிறது. ஆனாலும் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. என் அப்பாவை அடக்கம் செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நானும் இதே வட்டாரம், வேறு பங்கு. கல்லறைத் திருநாள் மாலையில் எங்கள் அம்மா செருப்பில்லாமல் அங்கே போய் மெழுகுவர்த்தி ஏற்றி, மாலை போட்டு, சாமியார் கல்லறைகளை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு முடியும் வரை தரையில் உட்கார்ந்திருப்பார். இருட்டிவிடும். எங்கள் செம்மண் பொட்டலில் சுருட்டை விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும். எங்கள் தெருவில் ஒருவருக்குக் கடி பட்டு, காலைக் காப்பாற்ற மாதக்கணக்கில் அலைந்தார்கள்.

தோட்டத்தைச் சுத்தம் செய்வது அழகுக்காக மட்டும் அன்று. செத்தவர்களுக்குச் செய்கிற மரியாதை அது. வருகிறவர்களுக்குப் பாதுகாப்பும் அதுதான். பறவைக்காக இதை விட்டுவிடுங்கள் என்றால் ஊர் கேட்காது. கேட்கவும் கூடாது.

கண்மாய்க்கரை · அக்டோபர் 15, இரவு 9.05

வடக்குத்தெரு ஐயா, பாம்பைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. உங்கள் அம்மாவைப் போல எங்கள் ஊரிலும் நாற்பது ஐம்பது பேர் தரையில் உட்காருவார்கள்.

இன்று மாலை மீண்டும் போய்ப் பார்த்தேன். வடமேற்கு மூலையில் இருப்பவை ஊரிலேயே பழைய கல்லறைகள். சுண்ணாம்புக் காரை உதிர்ந்து பெயர் தெரியாமல் போய்விட்டன. அங்கே யாரும் மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை. மற்ற முக்கால் பங்கைத் துப்புரவாகச் சுத்தம் செய்துவிட்டு, அந்த மூலையை மட்டும் தொடாமல் விட்டால்? இடையில் ஐந்தடி அகலத்துக்கு வெறும் மண்ணாகப் பாதை எடுத்துவிட்டால் பாம்பு நகர்ந்தாலும் தெரியும்.

வடக்குத்தெரு · அக்டோபர் 15, இரவு 9.40

அது சரி. ஆனால் பெயர் தெரியாத கல்லறைக்கும் ஒரு மெழுகுவர்த்தி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாதையின் ஓரத்திலாவது இடம் விட்டு வையுங்கள். கூட்டிய சருகை எரிக்காமல் அந்த மூலையில் கொட்டினால் உங்கள் குருவிக்கும் நல்லதுதானே?

நீர்ப்பாய்ச்சி · அக்டோபர் 16, காலை 5.30

நான் கண்மாயில் மடை திறந்து விடுகிறவன், பறவை பார்க்கிறவன் இல்லை. ஆனால் பாம்பைப் பற்றி எழுதியதால் நானும் எழுதுகிறேன். எலி இருக்கும் இடத்துக்குத்தான் பாம்பு வரும். எங்கள் கோயில் மணிக்கூண்டில் கூகை ஒரு சோடி பல ஆண்டுகளாக இருக்கிறது. அந்தி சாய்ந்ததும் வெளியே வந்து வரப்பு மேலேயே தாழப் பறக்கும், சிறகுச் சத்தமே கேட்காது. சம்பா பொதி கட்டும் நேரத்தில் எலி வெட்டு எங்கள் பக்கம் கடுமையாக இருக்கும். கோயிலை ஒட்டிய வயல்களில் மட்டும் குறைவு. கூண்டுக்கு அடியில் கறுப்பாக, கட்டைவிரல் அளவில் உருண்டைகள் கிடக்கும். உடைத்துப் பார்த்தால் முழுக்க எலி மண்டையும் மயிரும்தான்.

கோயிலுக்கு வெள்ளையடிக்கும்போது மணிக்கூண்டுச் சன்னல் நான்கிலும் நைலான் வலை அடிக்கப் போகிறோம், புறா எச்சம் தாங்க முடியவில்லை என்று இப்போது பேசுகிறார்கள். கூகை என்ன ஆகும்?

பனங்காடை · அக்டோபர் 16, பகல் 1.20

நீர்ப்பாய்ச்சி ஐயா, நீங்கள்தான் உண்மையில் பறவை பார்க்கிறவர். அந்த உருண்டை கூகை கக்கியது. இரையை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருட்டி வாய் வழியாகத் துப்பிவிடும்.

வலை அடிக்கும் முன் பகலில் ஒருவர் ஏறிப் பார்த்தே ஆக வேண்டும். உள்ளே குஞ்சு இருந்து வலையையும் அடித்துவிட்டால், தாய் வெளியே நிற்க, குஞ்சுகள் பட்டினியில் சாகும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கூகைக்கும் பொருந்தும் என்பதைக் குழுவில் பணிவாகச் சொல்லுங்கள். மூன்று சன்னலுக்கு வலை, வயலைப் பார்த்த சன்னல் மட்டும் திறப்பு என்றால் புறாத் தொல்லையும் பெருமளவு குறையும்.

இன்னொன்றும் உண்டு. வயலில் எலி மருந்து வைத்தால், மருந்து தின்று தடுமாறும் எலியைக் கூகை எளிதாகப் பிடித்துவிடும். எலியோடு கூகையும் போகும். கிட்டி வைத்துப் பிடிப்பவர்கள் ஊரில் இருந்தால் அவர்களையே கூப்பிடுங்கள். வயலில் ஆறடி உயரத்துக்குக் குறுக்குக் கட்டை வைத்த கம்புகளை நட்டால் பகலில் கரிச்சானும் இரவில் கூகையும் அதில் வந்து உட்காரும்.

முகப்புத்திண்ணை · அக்டோபர் 19, காலை 7.10

அவசரம். கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரவு வளவில் விளக்கு எரிந்தது. சுவரோரம் சாய்த்திருக்கும் பெல்ஜியம் கண்ணாடியில் ஏதோ மோதிய சத்தம் கேட்டது. காலையில் பார்த்தால் பச்சையும் நீலமுமாக, குட்டை வாலோடு ஒரு பறவை மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் எழுதிய அதே குருவி என்று நினைக்கிறேன். தண்ணீர் புகட்டலாமா?

இலைச்சருகு · அக்டோபர் 19, காலை 7.16

ஆச்சி, வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அட்டைப்பெட்டியில் காற்றுத் துளை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, பறவையை மெதுவாக உள்ளே வைத்து மூடி, ஆள் நடமாட்டம் இல்லாத இருட்டு அறையில் வையுங்கள். அடிக்கடி திறந்து பார்க்க வேண்டாம். சிறகு தொங்கினாலோ இரத்தம் வந்தாலோ உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் மாலையில் மரம் அடர்ந்த இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

முகப்புத்திண்ணை · அக்டோபர் 19, மாலை 6.45

ஐந்தே முக்காலுக்குப் பின்கட்டுத் தோட்டத்தில் பெட்டியைத் திறந்தோம். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தத்தித் தத்தி மாதுளைச் செடிக்கு அடியில் போய், சட்டென்று பறந்து பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டிவிட்டது. பேத்தி அழுதுவிட்டாள், எனக்கும் கண் கலங்கிவிட்டது. இனி ஐப்பசி முழுவதும் இரவில் வளவு விளக்கை அணைத்து, கண்ணாடிக்குத் துணி போட்டுவிடப் போகிறேன்.

கூகையைப் பற்றியும் ஒரு சொல். சின்ன வயதில் கூகை அலறினால் எங்கள் அப்பத்தா நடுங்கிப்போய் விளக்கேற்றுவார்கள். எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகள்தான் அதிகம். அதில் ஒன்றின் மேல்மாடத்தில் கூகை குடியிருக்கிறது. அத்தனை ஆண்டுகள் அதன் அலறலைக் கேட்டும் எங்கள் வீட்டுக்கு அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. ஊரில் பயப்படுகிறவர்களிடம் என் வயதுக்காரர்கள் இதைச் சொன்னால் கேட்பார்கள்.

செம்பூரான்கல் · அக்டோபர் 24, இரவு 7.30

இடையில் ஒரு சந்தேகம். கோயில் கோபுரச் சிலுவை மேல் புறா அளவில் ஒரு பருந்து உட்காருகிறது. முதுகு செங்கல் நிறம். வயலுக்கு மேல் காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு நிற்கிறது. வைரியா?

பனங்காடை · அக்டோபர் 24, இரவு 8.00

வைரி அப்படி அந்தரத்தில் நிற்காது. செங்கல் நிற முதுகும் அந்த நிற்றலும் செந்நிற வல்லூறுக்கு உரியவை. தரையில் வெட்டுக்கிளியோ சுண்டெலியோ அசைகிறதா என்று பார்க்கிறது. பனிக்காலம் முடியும் வரை அதே சிலுவையில் பார்க்கலாம்.

கண்மாய்க்கரை · நவம்பர் 3, காலை 9.00

நடந்ததை எழுதுகிறேன். 20ஆம் தேதி பூசை முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு பங்குச் சாமியாரைப் பார்த்தேன். இலைச்சருகு தம்பி சொன்னபடி இரண்டு தேதிகளையும் காட்டினேன். அவர் நோட்டை வாங்கி மூன்று பருவத்தையும் புரட்டிப் பார்த்தார். “மணி அடிக்கிற நேரத்தில் கூப்பிடுகிறதா?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் மாலை என்னோடு தோட்டத்தில் வந்து நின்றார். மணி ஓய்ந்தது, குருவி கூப்பிட்டது. அந்த ஞாயிறு அறிவிப்பில் வடமேற்கு மூலையைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஐந்தடிப் பாதை எடுத்தோம். பாதை ஓரத்தில் செங்கல் வரிசை வைத்து, பெயர் தெரியாதவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்ற இடம் செய்தோம். நேற்று அங்கே எரிந்த மெழுகுவர்த்திகளை எண்ணவில்லை. வரிசை முழுக்க இருந்தது.

எல்லாமே நாம் நினைத்தபடி நடக்கவில்லை. தென்பக்கத்து வேலியை மூன்று இளைஞர்கள் வழக்கம்போல அடியோடு வெட்டிக் கொளுத்திவிட்டார்கள். அந்த வேலியில்தான் பழுப்புக் கீச்சான் ஒன்று மூன்று பருவமாக ஒரே கொடுக்காப்புளிக் கிளையில் வந்து உட்காரும். மங்கோலியா, சைபீரியா பக்கமிருந்து வரும் பறவை அது. வந்த இடத்துக்கே திரும்ப வந்து, அந்த வட்டத்துக்குள் வேறு கீச்சானை விடாது. இன்று காலை கிளை இருந்த இடத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தது. எனக்கு மனம் ஆறவில்லை. அவர்களிடம் முன்கூட்டியே சொல்லாதது என் தவறு.

நேற்று மாலையில் ஆறுமணிக் குருவி கூப்பிட்டது. தீ வைக்கும் வாரத்தைத் தாண்டி அதன் குரலை நான் கேட்பது இதுதான் முதல் முறை.

நீர்ப்பாய்ச்சி · நவம்பர் 20, இரவு 8.15

மணிக்கூண்டில் நானே ஏறினேன். கூகைக் குஞ்சு மூன்று. ஒன்று பெரியது, அடுத்தது நடுத்தரம், கடைசி பஞ்சு உருண்டை. ஒரே ஈற்றில் இப்படியா?

பனங்காடை · நவம்பர் 20, இரவு 8.50

முதல் முட்டை இட்டதுமே கூகை அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால் குஞ்சுகள் சில நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பொரிக்கும். குழுவில் சொல்லி வலை வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிவைக்கப் பாருங்கள். அதற்குள் பறந்துவிடும்.

வடக்குத்தெரு · டிசம்பர் 18, இரவு 9.30

கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசைக்கு வெடி வெடிப்பதைப் பற்றியும் பேச வேண்டும். கண்மாயில் நாட்டுக் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரை அடைகிறது, நூற்றுக்கு மேல் இருக்கும். திருப்பத்தூர் அருகே கொள்ளுகுடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் தீபாவளிக்கே வெடிப்பதில்லை. அங்கே மூன்று கண்மாய்கள் சேர்ந்து 1977 முதல் சரணாலயம். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாகவே நினைக்கிறார்கள். உறவுக்காரர் வீட்டுக்கு ஒரு தீபாவளிக்குப் போய் நானே பார்த்தேன். பிள்ளைகள் மத்தாப்பு மட்டும் கொளுத்தினார்கள், ஊரே அமைதியாக இருந்தது. எங்கள் பங்கில் இதைச் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.

வடக்குத்தெரு · டிசம்பர் 27, காலை 7.00

கேட்கவில்லை. வழக்கத்தை விடக் குறைவாக வெடித்தார்கள், அவ்வளவுதான். முதல் சரத்துக்கே நாரைகள் இருட்டில் எழுந்து கலைந்துபோயின. நேற்று மாலை பாதி திரும்பியிருக்கிறது. அடுத்த ஆண்டு ஆடி மாதமே பேச்சைத் தொடங்க வேண்டும்.

கண்மாய்க்கரை · ஜனவரி 18, இரவு 9.20

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இன்றோடு முடிந்தது. 2015இல் தொடங்கி ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நான்கு நாள் நடக்கிறது. குறைந்தது கால் மணி நேரம் கவனித்து, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்டு தளத்தில் ஏற்றினால் போதும். எங்கள் நடையும் சரியாகக் கால் மணி நேரம்தான். இந்த முறை தென்பக்க வேலியை வெட்டிய மூன்று இளைஞர்களும் என்னோடு வந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக் காது என் காதை விடக் கூர்மை. புளியமர உச்சியில் பச்சைக் கதிர்க்குருவி கூப்பிட்டதை அவர்தான் முதலில் பிடித்தார். பத்துக் கிராம்கூட இல்லாத பறவை அது, இலைக்கு நடுவே கண்ணில் அகப்படுவதே கடினம்.

கல்லறைத் தோட்டத்தில் மாங்குயில் இரண்டு, வேதிவால் குருவி ஒன்று (வெள்ளை ஆண், வால் நாடாப் போலத் தொங்கியது), பழுப்பு ஈப்பிடிப்பான், கொண்டலாத்தி. கம்பியில் தகைவிலான் குருவிகள் வரிசையாக. கண்மாயில் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன். சேற்றுப் பூனைப்பருந்து ஒரு சுற்று வந்ததும் அத்தனை வாத்தும் ஒன்றாக எழுந்தது. அறுத்த வயலில் பொரி உள்ளான், மஞ்சள் வாலாட்டி, நெட்டைக்காலி. வரப்பில் கால் வைத்ததும் விசிறிவால் உள்ளான் ஒன்று கத்திக்கொண்டு கோணல்மாணலாகப் பறந்தது. பயந்து துள்ளிய இளைஞர், வீடு வரும் வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

பழுப்புக் கீச்சான் தென்பக்கத்தை விட்டுவிட்டுக் கெபிக்குப் பின்னாலுள்ள இலந்தையில் உட்காருகிறது. தென்பக்கத்தில் இளைஞர்களே கொடுக்காப்புளிப் போத்து நட்டிருக்கிறார்கள்.

முகப்புத்திண்ணை · பிப்ரவரி 22, காலை 8.00

எங்கள் வீட்டுக் கொல்லையில் கல்யாண முருங்கை பூத்துவிட்டது. சோளப்பட்சிகள் கூட்டமாக வந்து தேன் குடித்துவிட்டு ஒரே கூச்சல். பேத்தி அறுபத்தெட்டு வரை எண்ணினாள், பிறகு பறந்துவிட்டன.

நீர்ப்பாய்ச்சி · பிப்ரவரி 26, இரவு 7.40

மூன்று கூகைக் குஞ்சும் சனவரிக் கடைசியில் பறந்துவிட்டன. சென்ற வாரம் வலை அடித்தார்கள், வயல் பக்கச் சன்னல் திறந்தே இருக்கிறது. நேற்றிரவு சோடி இரண்டும் அந்தச் சன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்தன.

கண்மாய்க்கரை · ஏப்ரல் 12, இரவு 8.30

புளியமரத்தடிக் குரலை ஏப்ரல் 7 மாலை கடைசியாகக் கேட்டேன். 8, 9, 10, 11 நான்கு நாளும் மணி அடித்தபின் அரை மணி நேரம் நின்றேன், ஒன்றும் இல்லை. வடக்கே கிளம்பிவிட்டது. வருகை அக்டோபர் 14, கடைசிக் குரல் ஏப்ரல் 7 என்று நோட்டில் எழுதிவிட்டேன். இன்று மாலை சாமியார் வழியில் என்னை நிறுத்தி, “போய்விட்டதா?” என்று கேட்டார்.